மூத்தாளின் காப்பிக் கடை

மரகதம் தன் வீட்டுக்காரரின் மூத்தாளை முதன்முதலாக நேரில் பார்த்தது செல்னிட்ஸ் நகரத்தில், சர்வதேசக் கலைச் சந்தை நடந்த பழைய உப்புக் கிடங்கின் முற்றத்தில், காப்பி வாங்க வரிசையில் நின்றபோது. மூத்தாள் பூங்கொடி செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. மூளைக் காய்ச்சலில் போனவளை அமராவதிக் கரையில் எரித்து, எலும்பு பொறுக்கி, கொடுமுடிக்குக் கொண்டுபோய்க் கரைத்து, கருமாதி முடித்து, படம் மாட்டி, படத்துக்குச் சிவப்பு பல்பும் பிளாஸ்டிக் மாலையும் போட்டு, அதற்கு மறுவருஷம்தான் மரகதத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி முறையாகக் கரைக்கப்பட்டவள், இடுப்பில் மாவு அப்பிய ஏப்ரனோடு, ஐரோப்பாவின் நடுவில், ராஜாக்கள் காலத்துக் கல்கட்டடங்களுக்கு மத்தியில், இரண்டு எவர்சில்வர் குவளைகளை வைத்துக்கொண்டு கை நீளத்துக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர்கள் நுரை எழும்புவதை, பஸ் வருகிறதா என்று பார்ப்பவர்களைப் போலச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடையாளம் தெரியாமல் போக வழியில்லை. வலது புருவத்தை வெட்டிப் போகிற தழும்பு, மேலுதட்டு மச்சம், பக்கத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி ஓரமாகச் சிரிக்கிற சிரிப்பு, எல்லாம் இருந்தது. படத்தில் இருபத்தாறு வயசு. இங்கே முன்நெற்றி நரைத்து, இடுப்பு பெருத்து, இருந்திருந்தால் என்ன வயசு ஆகியிருக்குமோ அந்த வயசு. மரகதத்தைவிட இரண்டு வயசு மூத்தவளாகத்தான் அப்போதும் இருந்தாள். அந்தப் படத்திடம் மரகதம் பேசாத பேச்சில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் போகவர, "அக்கா, இந்த மனுஷன் எதுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாரு" என்று ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நாலு பேர் முன்னால் திட்டியதும், அக்காவின் மகள் தேன்மொழி பெரியவள் ஆனதும், தனக்கென்று ஒரு பிள்ளை தங்காமல் போனதும், எல்லாவற்றையும் அவள் முதலில் சொன்னது அக்காவிடம்தான். அந்த அக்கா இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, இங்கிலீஷில், சர்க்கரை ஒன்றா இரண்டா என்று கேட்டாள்.

"அக்கா" என்றாள் மரகதம்.

அந்தம்மாள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, தலையை ஆட்டி, இரண்டு சர்க்கரை போட்டு, ஆற்றி, நுரை தளும்பாமல் நீட்டினாள். மரகதம் சர்க்கரை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது. முழுவதையும் குடித்தாள்.

கரூரில் அரசுப் பெண்கள் பள்ளியில் அவள் டிராயிங் டீச்சர். ஏற்றுமதிக்கு நெய்து பழுது என்று தள்ளிவிட்ட பெட்ஷீட்டுகளை வாங்கி, அவற்றில் கரித்துண்டால் தூங்குகிறவர்களை வரைவாள். பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் தூங்குகிறவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி தூங்குகிறவர்கள். சென்னையில் ஒரு கலைக்கூடத்துக்காரர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு செல்னிட்ஸுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் நல்லசிவம் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. பெட்டி நிறைய முறுக்கும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்து, வாயும் வயிறும்தான் முக்கியம், படமெல்லாம் அப்புறம் என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டார். செல்னிட்ஸில் கூப்பிட்டுப் போகவும் கொண்டுவிடவும் ஆள் இருந்தது, தங்க ஒரு வீட்டு மாடி இருந்தது. செத்தவள் இருப்பாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா எமீலியா பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று சாயங்காலம் மரகதம் தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, எமீலியா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்புப் பெட்டியை நிறுத்தவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. காப்பிக் கடை மார்தா நீங்கள் கரைத்த ஆற்றின் வழியாக வந்தவள் அல்ல, டிராமில் வந்தவள் என்று மட்டும் திருத்தினாள்.

பிறகு சொன்னாள். இந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லாம் இருந்தது, கண்ணாடிப் பட்டறை இருந்தது, பாட்டுக் குழு இருந்தது, சண்டை போட ஆட்கள் இருந்தார்கள். பட்டறை மூடியதும் வயசுப் பிள்ளைகள் வேறு தேசங்களுக்குப் போனார்கள், போனவர்கள் அங்கேயே பெற்றுக்கொண்டார்கள், இங்கே தொட்டில்கள் பரணுக்கு ஏறின, ரொட்டிக்கடைக்காரன் பாதி அடுப்பை அணைத்தான், மாதா கோயிலில் தடித்த குரலுக்கு ஆளில்லாமல் பாட்டு கீச்சென்று ஆனது, அப்படி ஊர் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை முதல் டிராமில் முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு, இங்கேதான் என்றார்கள். டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாததற்கு அபராதம் போடுவதா என்று நகரசபையில் ஒரு வாரம் சண்டை நடந்தது. மற்றபடி அவர்கள் எங்கோ செத்தவர்கள் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை, அது பார்த்தாலே தெரிந்தது, புதிதாகத் தூங்கி எழுந்தவர்களின் முகம் அவர்களுக்கு. பாதிரியார் யோசித்துப் பார்த்து, இவர்களுக்கு அடக்கம் ஏற்கெனவே ஆகிவிட்டதால் நாம் சாப்பாடு மட்டும் போட்டால் போதும் என்று சொன்னார்.

அன்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். ஊரில் கடைசியாக யார் இறந்தார்களோ அவர்கள் பெயரை அடுத்து வருகிறவருக்கு வைப்பது வழக்கமாயிற்று, பெயர் வீணாகக் கிடக்கக் கூடாது என்று. பெயரோடு வீடும் தொழிலும் வந்துவிடும். பழைய மார்தா தையற்காரி. புது மார்தாவுக்குத் தைக்க வரவில்லை, தைக்கிறேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததில் ஊர் ஆம்பிளைகள் கொஞ்ச காலம் கோணல் கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் செல்னிட்ஸில் நுரை இல்லாத காப்பியை யாரும் தொடுவதில்லை.

அவர்களுக்குப் பழையது எதுவும் நினைவில்லை என்றாள் எமீலியா. கையில் மட்டும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கலைச் சந்தைக்கு உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருவதால் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் இப்படி யாரையாவது பார்த்துவிட்டு முழிப்பதுண்டு. ஊர் அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தொப்பிக் கடை லுட்விக்கை அர்ஜென்டினாவிலிருந்து வந்த தம்பி சின்ன வயசுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். லுட்விக் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழைய பாலத்தை நோக்கி நடந்தான். பாலத்தில் பாதி தூரம் வரைக்கும் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அதற்குமேல் தம்பி மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நினைவு வந்துவிட்டால் அவர்களுக்கு அந்தப் பாலத்தைத் தாண்ட முடிவதில்லை. சொல்லிவிட்டு எமீலியா தேய்த்த சட்டையை மடித்தாள். மார்தா எங்களுக்கு வேண்டும் என்றாள்.

மரகதத்துக்கு அன்றைக்கு எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் போனது. நல்லசிவம் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். ஏனுங்க, இங்கே ஒரு காப்பிக் கடை இருக்குது, நம்மூர் மாதிரியே ஆத்தித் தர்றாங்க என்று ஆரம்பித்தாள். அப்புறம் என்ன, பொழச்சுக்குவ என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, பட்டறையில் ஒரு வண்டிக்குக் கண்ணாடி பொருந்தாத கதையைச் சொன்னார். அவள் உம் கொட்டினாள். இந்த மாதிரி யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் வழக்கமாக யாரிடம் சொல்வாளோ அவளைப் பற்றிய விஷயமாகவே இது இருந்தது. கரூர்ப் படத்தில் இப்போது ஆள் இருக்கிறாளா, இல்லை இத்தனை வருஷமும் வெறும் கண்ணாடியிடம்தான் பேசிக்கொண்டிருந்தோமா என்று ஒரு சந்தேகம் வந்து, அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் முதல் அவள் தன் படங்களுக்குப் பக்கத்தில் இருந்ததைவிடக் காப்பிக் கடையில் இருந்த நேரம்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் குவளையை வாங்கும்போது "அக்கா" என்றாள், அதைச் சொல்லாமல் வாங்க அவளால் முடியவில்லை. பின்னால் நின்ற கிழவர்கள் அதைக் கவனித்தார்கள். காப்பி ஆற்றுகிற தேசத்தில் இப்படித்தான் வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்து, அவர்களும் "அக்கா" என்று சொல்லி வாங்கத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று நாளில் அது ரொட்டிக்கடைக்குப் பரவியது, மருந்துக்கடைக்குப் பரவியது, டிராமில் இடம் கொடுத்தவருக்கு இடம் வாங்கியவர் தொப்பியைத் தூக்கி "அக்கா" என்றார். நகரசபைத் தலைவரே ஒரு கூட்டத்தை அந்தச் சொல்லில் முடித்ததாக எமீலியா சொன்னாள். ஊரே அவளை அக்கா என்று கூப்பிட்டதில் மார்தா மட்டும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஓரமாகச் சிரித்தபடி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கடையில் கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் மார்தா உப்புக் கிடங்குக்குள் படம் பார்க்க வந்தாள். டிராமில் வந்த மற்றவர்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள். தூங்குகிறவர்கள் முன்னால் வெகுநேரம் நின்று, தெரிந்தவர் யாராவது தட்டுப்படுகிறாரா என்பது போலக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மார்தா ஒவ்வொரு பெட்ஷீட்டாக வேகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தொங்கியதன் முன்னால் நின்றாள். அது பட்டறை பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் நல்லசிவம்.

மார்தா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இந்த ஆள் குறட்டை விடுவார் என்றாள். ஆமாம் என்றாள் மரகதம். மார்தா கிட்டே போய், பெஞ்சிலிருந்து தொங்கும் காலைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். பிறகு, நல்ல ஆள்தான், ஆனால் கூட இருக்கிறவர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அந்தப் படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். வாய் அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது. இருந்தாலும் அந்தச் சாயங்காலம் முழுவதும் மரகதம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நினைவிருந்து சொன்னாளா, நினைவில்லாமல் சொன்னாளா, நினைவிருந்தால் ஏன் பாலத்துக்குப் போகவில்லை, நினைவில்லாவிட்டால் செருப்பை எதற்குப் பார்த்தாள் என்று.

அடுத்த நாள் மார்தா அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். ரொட்டிக்கடைக்கு மேலே சின்ன வீடு. அங்கே யோசெஃப் என்று ஒரு மனிதர் இருந்தார், டிராம் ஓட்டுகிறவர், அந்த ஊரிலேயே பிறந்தவர், அவர் ஓட்டிய டிராமில்தான் மார்தா வந்தாளாம். மார்தாவின் புருஷன். அவர் தட்டுகளை எடுத்து வைத்தார், சூப்பை ஊற்றினார், சாப்பிட்டு முடித்ததும் எழுந்து பாத்திரம் கழுவினார். மரகதத்துக்கு முதலில் நல்லசிவத்தின் சார்பில் கோபம் வந்தது. வருஷா வருஷம் திதி கொடுக்கிற மனுஷன், இவள் இங்கே இன்னொருத்தனுக்கு வாக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, அதே மனுஷன் மறுவருஷமே தன்னைக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்து கோபம் வழி தெரியாமல் நின்றது. அப்புறம், நல்லசிவம் ஒரு நாளாவது பாத்திரம் கழுவியிருக்கிறாரா என்று நினைத்ததும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரியாமலே மார்தாவும் சிரித்தாள், யோசெஃபும் கையில் சோப்பு நுரையோடு சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகு இருந்த பயம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. இவளை அப்படியே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் தேன்மொழி முன்னால் நிறுத்தினால் என்ன என்று ஒரு எண்ணம். பிள்ளை பெற்றவளை ஒரு தடவையாவது பார்க்கட்டும். அப்படி நிறுத்தினால் அப்புறம் தான் யார் என்று இன்னொரு எண்ணம். வளர்த்தவளா, இடையில் பார்த்துக்கொண்டவளா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவள் பாலத்தில் காணாமல் போவாள். கூப்பிடாவிட்டால் இவள் யாரோ ஒரு காப்பிக் கடைக்காரி. படியில் இறங்கும்போது மரகதம் "பூ" என்று ஒரு எழுத்தை நாக்கில் வைத்துப் பார்த்து, பயந்து விழுங்கினாள்.

சந்தை முடிகிற நாள் மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். பெஞ்சுகளில் ஊர்க்காரர்கள், கல்லாப் பக்கம் எமீலியா, டிராமை ஓரம் கட்டிவிட்டு வந்த யோசெஃப். மரகதத்தின் போன் அடித்தது. தேன்மொழி, வீடியோவில். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள், கடைசி வருஷம். போனை எடுக்கலாமா வேண்டாமா என்று மரகதம் நினைப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது.

"அம்மா" என்று கூப்பிட்டாள் தேன்மொழி.

"என்ன கண்ணு" என்றது ஒரு குரல்.

அது மரகதத்தின் குரல் அல்ல. மேஜைக்கு அந்தப் பக்கம், குவளையை உயரத் தூக்கியபடி, மார்தா சொன்னது. காப்பி மேலேயிருந்து கீழே விழுந்துகொண்டே இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தச் சொற்கள் என்ன மொழி என்று அங்கே யாருக்கும் தெரியாது, ஆனால் செல்னிட்ஸ் மொழி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. குவளைகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு இறங்கின. யோசெஃப் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எமீலியா எழுந்து போய், முற்றத்திலிருந்து ஆற்றுப் பக்கம் போகிற கதவைச் சாத்தினாள்.

தேன்மொழி, யாரும்மா அது, எங்கியோ பார்த்த மாதிரி இருக்குது என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ராத்திரி முழுக்க ஒரு எருமைக்குப் பிரசவம் பார்த்த கதையை ஆரம்பித்துவிட்டாள். கன்று காலை மடக்கிக்கொண்டு கிடந்தது, தோள்வரைக்கும் கையை விட வேண்டியிருந்தது, கூட இருந்த பையன் மயங்கி விழுந்துவிட்டான், கடைசியில் கன்று வெளியே வந்து தும்மியது. அவள் பேசப் பேச மார்தா மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். பேச்சு முடிந்து போன் அணைந்ததும் நிமிர்ந்து, எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறீர்கள், பால் தீய்ந்துவிட்டதா என்று ஊர் மொழியில் கேட்டாள். இல்லை இல்லை, நன்றாக இருக்கிறது என்று ஒரே நேரத்தில் எல்லோரும் சொன்னார்கள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் பெட்டியை நான் தூக்கி வருகிறேன் என்று அவள் மரகதத்திடம் சொன்னாள். ஸ்டேஷன் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

மறுநாள் காலை எமீலியா ரொட்டியை வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது. பாலத்தில் மராமத்து வேலை நடக்கிறது, யாரும் போக முடியாது என்றாள். மரகதம், நான் பெயரைச் சொல்லவில்லை என்றாள். எமீலியா, எங்களுக்குத் தெரியும் என்றாள். பிறகு தன் சமையலறை நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு அவளும் வெளியே போனாள்.

பாலம் முழுக்க நாற்காலி. சாப்பாட்டு மேஜை நாற்காலிகள், பியானோ ஸ்டூல்கள், முடிதிருத்துகிறவரின் சுழல் நாற்காலி, மாதா கோயில் பெஞ்சுகள், பரணிலிருந்து இறக்கிய குழந்தை நாற்காலிகள். கல்பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இடைவெளி இல்லாமல் போட்டு, முக்கால்வாசியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் படித்தார்கள், பின்னல் பின்னினார்கள், ஆப்பிள் நறுக்கினார்கள். நகரசபைத் தலைவர் பதவிச் சங்கிலியோடு ஒரு பெஞ்சில் இருந்தார். டிராமில் வந்தவர்களும் இருந்தார்கள், இந்த ஊரில் பிறந்தவர்களும் இருந்தார்கள், யார் எவர் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பாலத்தின் வாயில் யோசெஃபின் டிராம் குறுக்காக நின்றது.

மார்தா பெட்டியோடு வந்தாள். இது என்ன என்று கேட்டாள். இன்றைக்கு ஆறு பார்க்க நன்றாக இருக்கிறது என்றார் நகரசபைத் தலைவர். அவள் ஆற்றை எட்டிப் பார்த்தாள். தினமும் இருக்கிற ஆறுதான். ரயில் போய்விடும், எழுந்திருங்கள் என்று சொல்லி முதல் நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். காரணத்தை அவளிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. வருஷக்கணக்காக அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்தவர்கள் அவள் எழுந்திரு என்றால் எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள், ஒவ்வொரு நாற்காலியாக ஒதுங்கியது. மரகதம் பின்னாலேயே போய், பெட்டி கனம், நானே தூக்கிக்கொள்கிறேன், நீங்கள் இங்கேயே நில்லுங்கள் என்று கெஞ்சினாள். கனம் எனக்குத் தெரிகிறது என்று மார்தா நடந்தாள். அவர்களுக்குப் பின்னால் யோசெஃப், தொப்பி இல்லாமல்.

பாதிப் பாலத்தில், சரியாக அந்த இடத்தில், மார்தா பெட்டியைக் கீழே வைத்து நின்றாள். பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். எங்கோ ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. மரகதம் தன்னை அறியாமல் அவள் ஏப்ரனின் முடிச்சைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், அதைப் பிடித்தால் ஆளைப் பிடித்த மாதிரி என்று எதை வைத்து நினைத்தாளோ. மார்தா வலது கையை உதறிக்கொண்டு, பெட்டியை இடது கையில் எடுத்து, நடந்தாள். அந்தக் கரையின் கல்லில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் பாலம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. யோசெஃப் பக்கத்திலிருந்த முடிதிருத்துகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அது அவரைச் சுமந்துகொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது.

அவளுக்கு நினைவு வரவில்லை. மரகதத்துக்கு அது உறுதியாயிற்று. தப்பித்தாள் என்று நினைத்த அதே மூச்சில், யாரோ எதையோ கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போன மாதிரியும் இருந்தது. என்ன கண்ணு என்றது கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, வேறொன்றுமில்லை. ஸ்டேஷன் வரை மார்தா முன்னால் நடந்தாள், மரகதம் பின்னால் போனாள்.

ரயில் வந்தது. மார்தா பெட்டியை ஏற்றி உள்ளே தள்ளிவிட்டு, நடைமேடையில் இறங்கி நின்று, ஏப்ரனில் கையைத் துடைத்தாள். சுற்றிலும் யாரும் இல்லை.

"பேச்சு வந்துருச்சே புள்ளைக்கு" என்றாள், தமிழில், கரூர்ப் பேச்சில்.

தேன்மொழிக்கு மூன்று வயசாகியும் பேச்சு வரவில்லை. வேண்டாத கோயில் இல்லை, காட்டாத டாக்டர் இல்லை. பேரைப் பாரு தேன்மொழியாம் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதைக் கேட்காமலே பூங்கொடி போய்விட்டாள். மரகதம் வாக்கப்பட்டு வந்த புதிதில் ஒருநாள், தோசைக் கரண்டியைத் தூக்கிக் காட்டி யாருக்கு வேண்டும் என்று கேட்டபோதுதான் பிள்ளை முதன்முதலாக வாய் திறந்தது. அம்மா என்ற அந்தச் சொல்லைத்தான் நேற்று காப்பிக் கடையில் அத்தனை பேரும் கேட்டார்கள்.

ரயில் வாசலில் நின்ற மரகதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "வந்துருச்சுங்கக்கா" என்றாள். "இப்ப வாயை மூட வெக்கத்தான் முடியறதில்ல."

பூங்கொடி ஓரமாகச் சிரித்தாள்.

"அக்கா, அந்தப் பாலம்..."

"பாலத்துல என்ன இருக்குது. போவோணும்னு நெனச்சவங்க போறாங்க" என்றாள் பூங்கொடி. "எனக்கு அடுப்புல பால் இருக்குது."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் இன்னும் ஏதோ சொன்னது, என்னவென்று கேட்கவில்லை. நல்லசிவத்தைப் பற்றியா, யோசெஃபைப் பற்றியா, இதை யாரிடமும் சொல்லாதே என்றா, சொல் என்றா, சாப்பிட்டாயா என்று மட்டும்தானா. இத்தனை வருஷம் தான் மட்டும் பேச அவள் கேட்டுக்கொண்டிருந்தது போக, இன்றைக்கு அவள் பேச தனக்குக் கேட்கவில்லையே என்று மரகதம் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன என்று சைகையில் கேட்டாள். பூங்கொடி அதற்கும் எதையோ சொன்னாள். ரயில் நகர்ந்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் ரயில் ஆற்றைத் தாண்டியது, இரும்புப் பாலத்தில். அங்கிருந்து பழைய கல்பாலம் முழுசாகத் தெரிந்தது. ஊர் ஜனங்கள் நாற்காலிகளை வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எது யாருடையது என்று தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது. ஒருவர் தூக்கியதை இன்னொருவர் பிடித்து இழுத்தார், குழந்தை நாற்காலியோடு ஒரு கிழவர் முன்னும் பின்னும் நடந்தார், நகரசபைத் தலைவர் சங்கிலியோடு நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். அந்தக் கரையிலிருந்து ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வேகவேகமாக அவர்களுக்குள் நடந்து போவதையும், எல்லோரும் தங்கள் நாற்காலியை அவளிடம் தூக்கிக் காட்டுவதையும், அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து விரலை நீட்டி நீட்டி ஏதோ சொல்வதையும் மரகதம் பார்த்தாள்.